அம்பாசடர் பெட்ரோல் என்ஜினில் இக்னிஷன் காயில் மாட்டும் முறை

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி சூடானதும் திணறி நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். உடனே ‘காயில் போச்சு’ என்பார்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை பிளக்கில் பொறி தாவும் அளவுக்கு உயர்த்தும் டப்பாதான் காயில். பல நேரம் குற்றவாளி கண்டன்சர் (டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் சிறு மின்தேக்கி) தான், இல்லையென்றால் வெயிலில் பெட்ரோல் லைனில் ஆவி அடைத்திருக்கும். அதனால் நின்ற அந்த நிமிடமே சோதியுங்கள். பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று பார்த்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) மூடியின் நடுவிலிருந்து எச்.டி. ஒயரை, அதாவது காயிலிலிருந்து வரும் உயர் வோல்ட்டேஜ் ஒயரை, உருவுங்கள். அதை இன்சுலேஷன் போட்ட குறடால் பிடித்து, நுனியை என்ஜின் பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகச் சத்தத்தோடு பொறி தாவினால் காயில் நல்லதே. மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் பாயிண்ட்டையும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் மின்சாரத்தைச் சேர்த்தும் துண்டித்தும் விடும் தொடுமுனை) கண்டன்சரையும் பார்த்துவிட்டு அப்புறம் காயிலுக்கு வாருங்கள்.

அம்பாசடரின் 1489 சிசி பி-சீரிஸ் என்ஜினுக்கு பலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தனி மின்தடை) தேவைப்படாத 12 வோல்ட் காயில் வாங்க வேண்டும். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிறு டெர்மினல்களுக்கு நடுவே 3 ஓம் அல்லது அதற்குச் சற்று மேல் இருக்க வேண்டும். 1.5 ஓம் காட்டினால் அது பலாஸ்ட் வைத்த வண்டிக்கானது. 3 ஓமில் 4 ஆம்பியர் ஓடும் இடத்தில் இதில் 8 ஆம்பியர் ஓடும். வண்டி என்னவோ ஜோராக ஸ்டார்ட் ஆகும், ஆனால் பாயிண்ட் சீக்கிரமே கருகும், காயிலும் கொதிக்கும். புதுக் காயில் அடிக்கடி சாவதற்கு இந்தத் தப்பான தேர்வு ஒரு முக்கியக் காரணம்.

பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, பழைய காயிலின் ஒயர்களில் எது எங்கே இருந்தது என்று அடையாளம் ஒட்டுங்கள். கிளாம்ப் போல்ட் பெரும்பாலும் 7/16 இஞ்ச் ஸ்பேனருக்குப் பிடிக்கும். கிளாம்ப் உட்காரும் தகரத்தில் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். காயிலின் சூடு அந்த வழியாகவும்தான் இறங்குகிறது. ஸ்பிரிங் வாஷர் போட்டு, கையால் திருப்பினால் காயில் சுற்றாத அளவுக்கு இறுக்கினால் போதும். உடும்புப் பிடியாக இறுக்கினால் டப்பா நசுங்கி உள்ளே இருக்கும் சுற்றைத் தொட்டுவிடும்.

எண்ணெய் நிரப்பிய காயிலுக்கு டெர்மினல் பக்கம் மேலே இருப்பது நல்லது. படுத்த நிலையிலும் வேலை செய்யும், தலைகீழாக மட்டும் வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை விட்டுத் தள்ளியே மாட்டுங்கள்.

நெகட்டிவ் எர்த் வண்டியில் (பேட்டரியின் – முனை பாடியோடு இணைந்தது) சாவியிலிருந்து வரும் ஒயர் + முனைக்கு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது – முனைக்கு. பாசிட்டிவ் எர்த் வண்டியில் இது அப்படியே மாறும். எஸ்.டபிள்யூ. (சாவிப் பக்கம்), சி.பி. (பாயிண்ட் பக்கம்) என்று எழுதிய பழைய லூகாஸ் காயில்கள் பாசிட்டிவ் எர்த்துக்காக வந்தவை. வண்டியை நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருந்தால் அந்தக் காயிலில் இரண்டு ஒயரையும் இடம் மாற்ற வேண்டும். தப்பாகக் கொடுத்தாலும் வண்டி ஓடும், அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. பிளக்கில் பொறி தாவக் கூடுதல் வோல்ட்டேஜ் தேவைப்படுவதால் மேடு ஏறும்போதும் பிளக் தேய்ந்த பிறகும் மிஸ்ஃபயர் தலைகாட்டும்.

எச்.டி. ஒயர் திருகு வகையாக இருந்தால், அதன் செம்புக் கம்பிகளை நட்டுக்குள் நுழைத்து, பித்தளை வாஷர் மேல் பூப்போல விரித்து மடக்கித் திருகுங்கள். சொருகும் வகையென்றால் அடி தட்டும்வரை அழுத்தி ரப்பர் மூடியை இறக்குங்கள். மூடி கிழிந்திருந்தால் மழைநாளில் ஈரம் ஏறி, காயிலின் கழுத்தில் பென்சில் கீறல்போலக் கருப்புக் கோடு விழும். அந்தக் கோடு வழியாகவே மின்சாரம் கசியும். துடைத்தாலும் அது திரும்ப வரும், காயிலை மாற்றத்தான் வேண்டும்.

காயில் மாற்றியதற்காக டைமிங்கை (பொறி தாவும் நேரத்தை) தொட வேண்டியதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தப் போகிறவரைத் தடுத்துவிடுங்கள். பாயிண்ட் இடைவெளி மட்டும் 0.015 இஞ்ச் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கடைசியாக, என்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் என்ஜின் நின்றிருந்தால் அந்த 4 ஆம்பியரும் விடாமல் ஓடிக் காயில் வெந்துவிடும். நிறுத்திய வண்டியில் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து ரேடியோவுக்குத் தனி ஒயர் இழுத்துவிடுங்கள்.