மேடுதானே என்று ஏறாதீர்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள பீட்டர்ஸ்பர்க் போர்க்களப் பூங்காவுக்குப் போனால் முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பலகையில் கோட்டை என்று போட்டிருக்கும். எதிரே புல் முளைத்த ஒரு மேடு, பக்கத்தில் ஒரு பள்ளம். உள்நாட்டுப் போரில் 1864 ஜூன் முதல் 1865 ஏப்ரல் வரை வடக்கு, தெற்கு மாநிலங்களின் படைகள் இரண்டும் எதிரெதிரே மண்ணைத் தோண்டிப் பதுங்கிக் கிடந்ததன் மிச்சம் அது.

அந்த மேட்டில் ஏறி நின்று படம் எடுப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒருவர் ஏறினால் ஒன்றும் ஆகாது, சரி. ஆனால் அவர் போன தடத்தில்தான் அடுத்தவரும் போவார். புல் தேய்ந்து மண் வெளியே தெரிந்தால், அடுத்த மழையில் அந்தத் தடமே வாய்க்காலாகிவிடும். ஏரிக்கரை உள்ள ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு தவறை நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள்: சுத்தம் செய்வது. போர் நடந்தபோது அங்கே மரங்கள் இல்லையே, வெட்டிவிட்டால் கோட்டை பளிச்சென்று தெரியுமே என்று தோன்றும். ஆனால் மழைத்துளி மண்ணை நேராக அடிக்காமல் தாங்குவது மரநிழலில் சேர்ந்த சருகுதான். காட்டுக்குள் மறைந்து கிடந்த அரண்கள் பல, வெட்டவெளியில் இருந்தவற்றைவிட நன்றாகத் தப்பியிருக்கின்றன. அதற்காக எல்லா மரத்தையும் விட்டுவிடவும் முடியாது. காற்றில் சாயும் பெரிய மரம் வேரோடு கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். அப்படிப்பட்டதை மட்டும் அறுத்து, வேரைத் தோண்டாமல் மண்ணிலேயே விட வேண்டும். திறந்த இடத்தில் புல் உயரமாக, பார்க்க அலங்கோலமாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஒட்ட வெட்டிய புல்தரையைவிட அது மண்ணை நன்றாகப் பிடிக்கும்.

அப்புறம், சரிந்த கரையில் புதுமண் கொட்டிப் பழையபடி செங்குத்தாக நிமிர்த்த நினைப்பது. அன்று அதைத் தாங்கியவை மரக்கட்டைகளும் குச்சியில் முடைந்து மண் நிரப்பிய கூடைகளும். அவை மக்கிவிட்டன, புதுமண் நிற்காது, பழையது எது என்ற அடையாளமும் போய்விடும். பள்ளத்தை நிரப்புவதும் அப்படித்தான். 1864 ஜூலை 30 அன்று வடக்குப் படை சுரங்கம் தோண்டி, சுமார் 3,600 கிலோ வெடிமருந்தை வெடிக்க வைத்தது. அங்கே நினைவுச்சின்னமே அந்த வெடிப்பில் உண்டான குழிதான்.

உலோகம் கண்டறியும் கருவியோடு போவது அங்கே குற்றம். தோண்டி எடுத்த ஈயக்குண்டு யார் வீட்டு அலமாரியிலோ இருக்கும். அது எந்தக் கரையில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதை யாராலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.