மாதம் 200 பவுண்டு போட எந்த கேஷ் ஐசா நல்லது?

பிரிட்டனில் 18 வயது முடிந்து, நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணும் கையில் இருந்தால் கேஷ் ஐசா, அதாவது வட்டிக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கு, திறப்பது ஆப்பில் பத்து நிமிட வேலை. அதனால் அதை விட்டுவிட்டு, எதைத் திறப்பது என்பதற்கு வருகிறேன்.

1. முதலில் வகை. ஃபிக்ஸட் ரேட் (குறிப்பிட்ட காலத்துக்கு வட்டி மாறாத) ஐசாக்களில் பெரும்பாலானவை திறந்த சில வாரங்களுக்குள் மட்டும்தான் பணம் ஏற்கும். மாதாமாதம் போடுகிறவருக்கு அது ஒத்துவராது. ஈசி ஆக்சஸ் (எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்) அல்லது ரெகுலர் சேவர் (மாதாமாதம் போடுவதற்கானது) ஐசா பாருங்கள்.

2. அடுத்து வட்டி. 5 சதவீத ரெகுலர் சேவரில் மாதம் 200 போட்டால் வருடத்துக்கு 2,400 ஆகிறது, 120 பவுண்டு வட்டி வரும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். முதல் மாதம் போட்ட 200க்குத்தான் 12 மாத வட்டி. கடைசியில் போட்டதற்கு ஒரே மாத வட்டி. எல்லாம் கூட்டினால் சுமார் 65 பவுண்டுதான். அப்புறம், அந்த விகிதத்துக்குள் 12 மாத போனஸ் (முதல் வருடத்துக்கு மட்டும் தரும் கூடுதல் வட்டி) கலந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் மனிசேவிங்எக்ஸ்பர்ட் இணையதளப் பட்டியலில் போனஸைக் கழித்த விகிதத்தை ஒரு நோட்டில் எழுதி ஒப்பிடுவேன். போனஸ் முடியும் தேதியையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்வேன்.

20 சதவீத வரி கட்டுகிறவருக்கு 1,000 பவுண்டு வரையிலும், 40 சதவீதக்காரருக்கு 500 வரையிலும் வட்டிக்கு எப்படியும் வரி இல்லையே, ஐசா எதற்கு என்று கேட்கலாம். 4 சதவீதத்தில் 12,500 பவுண்டு சேர்ந்தாலே வட்டி 500 ஆகிவிடும். சேமிப்பு அந்த அளவைத் தொட அதிக வருடம் ஆகாது. இப்போதே ஆரம்பியுங்கள் என்பதுதான் என் கருத்து.

3. இனி நான் அடிபட்ட இடம். பழைய ஐசாவில் போனஸ் முடிந்து வட்டி இறங்கியது. அதிலிருந்த 9,300 பவுண்டை எடுத்து நடப்புக் கணக்கில் போட்டு, அங்கிருந்து புது ஐசாவுக்கு அனுப்பினேன். ஊரில் மனை விற்ற காசில் 16,000 அந்த வருடம் ஏற்கனவே புது ஐசாவில் போட்டிருந்தேன். வருட வரம்பு 20,000. ஆப் 4,000க்கு மேல் வாங்கவில்லை. மீதி 5,300 பவுண்டு வரிவிலக்கை இழந்து வெளியே நின்றது. பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம் அது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பணத்தை நீங்கள் கையால் எடுக்கவே கூடாது. புது வங்கியின் ஆப்பில் ‘ஐசா டிரான்ஸ்ஃபர்’ படிவம் இருக்கும். பழைய கணக்கு எண்ணையும் சார்ட் கோடையும் (வங்கிக் கிளையின் எண்) கொடுத்தால் இரண்டு வங்கிகளும் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ளும்; கேஷ் ஐசாவுக்கு 15 வேலை நாள் கெடு. முந்தைய வருடங்களின் பணம் இப்படி வந்தால் இந்த வருட வரம்பில் சேராது. எல்லா வங்கியும் வெளியிலிருந்து வரும் ஐசாவை ஏற்பதில்லை, திறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

4. சம்பளம் வந்த மறுநாளுக்கு ஸ்டாண்டிங் ஆர்டர் (மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஏற்பாடு) போடுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி முடிகிறது. ஈஸ்டர் விடுமுறை அதை ஒட்டி வரலாம் என்பதால் கடைசி நாளுக்கு எதையும் வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: அவசரத்துக்கு எடுத்தால் திரும்பப் போடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ‘ஃபிளெக்சிபிள்’ என்று போட்டிருக்கும் ஐசாவில் மட்டும், அதே வரி ஆண்டுக்குள் போட்டால் வரம்பு குறையாது.

இன்னொரு பின்சேர்க்கை: 2025 நவம்பர் பட்ஜெட் அறிவிப்புப்படி, 2027 ஏப்ரல் முதல் 65 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேஷ் ஐசாவில் வருடத்துக்கு 12,000 பவுண்டுதான் போடலாம். மாதம் 200 போடுகிறவரை இது தொடாது. ஊருக்கே திரும்பிவிட நினைப்பவர்கள் மட்டும் ஒன்று கவனியுங்கள்: கணக்கை அப்படியே வைத்திருக்கலாம், புதிதாகப் பணம் போட முடியாது, இந்தியாவில் முழு வரிக் குடியிருப்பாளர் ஆனதும் இந்த வட்டிக்கு அங்கே வரி உண்டு.