'ஓடாதே' என்று எழுதி ஒட்டுவதற்கு முன்

இடைவேளையில் ஒரு பையன் விழுந்து பல்லை உடைத்துக்கொள்கிறான். மாலையில் பெற்றோர் வந்து தலைமை ஆசிரியர் அறை வாசலில் நிற்கிறார்கள். மறுநாள் காலையில் அறிவிப்பு வருகிறது: இனி இடைவேளையில் யாரும் ஓடக் கூடாது. ஓட்டத்தைத் தடுக்கும் விதிகளில் யோசித்து எழுதியவை குறைவு, பதறி எழுதியவையே அதிகம். அந்தப் பையன் படிப்பை முடித்துக்கொண்டு போன பிறகும் விதி மட்டும் போகாது. ஏன் வந்தது என்று கேட்டால் சொல்லவும் ஆள் இருக்காது.

விதியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் வெளியே வரும் இடத்துக்கு ஒழுங்கு வேண்டும். ஆனால் அதை எழுதும்போது திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகள் இருக்கின்றன.

பெரிய தவறு, இடத்தைச் சரிசெய்ய வேண்டியபோது செயலைத் தடை செய்வது. பல் உடைந்தது ஓடியதாலா, குழாயடியில் எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் சிமென்ட் தரையாலா? எதிரே வருபவர் தெரியாத மூலையா? ஆறு வயதுக்காரர்களையும் பதினான்கு வயதுக்காரர்களையும் ஒரே மணிக்கு ஒரே திடலில் அவிழ்த்துவிட்டதா? குழாயைப் பழுது பார்க்கலாம், சின்ன வகுப்புகளுக்கு இடைவேளையைப் பத்து நிமிடம் முன்னதாக விடலாம். இதற்கெல்லாம் வேலை செய்ய வேண்டும், செலவும் ஆகும். 'ஓடாதே' என்று எழுத ஒரு தாள் போதும், அதனால்தான் அது முதலில் வருகிறது. கனடாவின் டொராண்டோவில் ஒரு பள்ளி 2011-ல், பந்து பட்டு ஒரு பெற்றோருக்குத் தலையில் அடிபட்டதும், கடினமான பந்துகள் அத்தனையையும் தடை செய்தது. பிள்ளைகளே எதிர்த்துக் கிளம்பினார்கள். பிறகு தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. மரக்கிளையின் உயரம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். ஏறலாமா வேண்டாமா என்று அது தானே அளந்து பார்க்கும். ஊஞ்சல் சங்கிலியில் தேய்ந்துபோன கொக்கி அதன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவதைத் தேடிக் களைவது பெரியவர்கள் வேலை. முதலாவதைப் பிள்ளைகளிடம் கொஞ்சம் விட்டுவைக்கலாம். நார்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர் 2007-ல் பிள்ளைகளின் துணிச்சலான விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், கட்டிப் புரளுதல், கண்ணில் படாமல் தொலைந்துபோதல் எல்லாம் அதில் உண்டு. ஒரு பள்ளியின் தடைப் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பொருந்திப்போகும்.

அடுத்தது, கட்டிப் புரண்டு விளையாடுவதைச் சண்டை என்று எடுத்துக்கொள்வது. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பக்கத்தில் போய் முகத்தைப் பாருங்கள். விளையாட்டில் சிரிப்பு இருக்கும். துரத்தியவன் அடுத்த நிமிடம் துரத்தப்படுவான். பலசாலி வேண்டுமென்றே கொஞ்சம் தோற்றுக்கொடுப்பான். முடிந்ததும் சேர்ந்தே நகர்வார்கள். சண்டையில் முறைப்பு இருக்கும், ஒருவனே தொடர்ந்து அடிவாங்குவான், முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். இந்த வித்தியாசத்தைக் கண்காணிப்பு ஆசிரியர்களுக்கு அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதைச் செய்யாமல் 'யாரும் யாரையும் தொடக் கூடாது' என்று விதி போட்டால், தொட்டுப் பிடித்து விளையாடுவதும் அதோடு போய்விடும். அமெரிக்காவின் மெர்சர் தீவில் 2015-ல் அப்படித்தான் நடந்தது. பெற்றோர் கொதித்தெழுந்ததும் முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

நியூசிலாந்தில் 16 பள்ளிகளில் நடந்த ஒரு சோதனையில் பாதிப் பள்ளிகள் விதிகளைத் தளர்த்தி, விளையாட்டுக்கு அதிகச் சுதந்திரம் கொடுத்தன. முடிவுகள் 2017-ல் வெளியாயின. அந்தப் பள்ளிகளில் தள்ளுமுள்ளு கூடத்தான் செய்தது. ஆனால் ஆசிரியரிடம் புகார் கொண்டுபோவது குறைந்தது. பள்ளியில் சந்தோஷமாக இருப்பதாகவும் பிள்ளைகள் சொன்னார்கள்.

எனக்கு மிகவும் கோபம் வருவது இடைவேளையைப் பறிக்கும் தண்டனையில்தான். வீட்டுப்பாடம் முடிக்கவில்லையா, வகுப்பில் பேசினாயா, உள்ளேயே உட்கார்ந்து எழுது. யாருக்கு இது அடிக்கடி விழுகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத அதே நாலைந்து பெயர்கள்தான் வரும். ஓட்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம் இருந்தே அதைப் பிடுங்கிவிட்டு, அடுத்த பாடவேளையில் நெளிகிறார்கள் என்று மறுபடி திட்டுகிறோம். படிப்புக்காகவோ தண்டனையாகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2013-லேயே சொல்லிவிட்டது. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-ல் வந்தது. அதன் 31-வது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்றே சொல்கிறது.

'அதுதான் விளையாட்டு பீரியட் இருக்கிறதே' என்ற பதிலும் செல்லாது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது. வாரத்துக்கு ஓரிரு பீரியட், அதிலும் பாதி நேரம் வரிசையில் நிற்பது. மீதியை எங்கே ஈடுகட்டுவது? தவிர, அங்கே விளையாட்டைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். 'நீ அவுட்', 'இல்லை' என்று வாதாடி விளையாட்டு விதியைத் தாங்களே உண்டாக்கிக்கொள்வதெல்லாம் இடைவேளையில்தான் நடக்கும்.

கண்ணைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தைவானில் ஒரு பள்ளி, இடைவேளையில் வகுப்பறையைக் காலி செய்து பிள்ளைகளை வெளியே அனுப்பியது. ஓராண்டில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 8.41 சதவீதம். ஒப்பிட எடுத்துக்கொண்ட இன்னொரு பள்ளியில் 17.65 சதவீதம். ஆய்வு வெளியான ஆண்டு 2013.

எழுதாத விதிகளும் உண்டு. திடல் முழுவதையும் பெரிய பையன்களின் ஒரே பந்து பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சுவரோரம் நிற்பார்கள். அவர்களை விளையாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பலன் அதேதான். திடலைக் கோடு போட்டுப் பிரியுங்கள், பந்தோடு நாலு கயிறும் கொடுங்கள். ஆஸ்துமா இருக்கும் பிள்ளையைத் தானாகவே ஓரம் உட்காரவைப்பதும் இந்த ரகம். அதை மருத்துவரும் பெற்றோரும் முடிவு செய்யட்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு தடை தேவைதான் என்று பட்டால், எந்த இடத்தில், எந்த வயதுக்கு, என்ன காரணத்துக்கு என்று அந்தத் தாளிலேயே எழுதுங்கள். 'மாடிப்படியில் ஓடாதே' என்பது ஒரு பிள்ளைக்குப் புரியும். கீழே ஒரு தேதியும் போடுங்கள். அந்த நாள் வரும்போது குழாய் பழுது பார்த்தாகிவிட்டதென்றால் தாளைக் கிழித்துவிடலாம்.