வாக்கியத்தைக் கடைசியில இருந்து வெட்டுங்க: சுருக்கமா எழுதப் பழகுறது எப்படி

புதுசா எழுத வர்றவங்ககிட்ட "சுருக்கமா எழுது"ன்னு எல்லாரும் சொல்றாங்க, எங்க வெட்டணும்னுதான் யாரும் காட்டறதில்ல. தமிழ்ல அதுக்கு சரியான இடம் வாக்கியத்தோட கடைசி. வினைமுற்று பெரும்பாலும் அங்கதான் வரும், தேவையில்லாத சதையும் அங்கதான் சேரும்.

முதல்ல வெட்டறத பத்தி யோசிக்காம முழுசா எழுதி முடிச்சிடுங்க. அப்புறம் ஒவ்வொரு வாக்கியமா கடைசியைப் பாருங்க. உதாரணத்துக்கு இது:

"கனமழையின் காரணமாக வேளச்சேரி பகுதியில் தேங்கியிருந்த மழைநீரை அகற்றும் பணியானது மாநகராட்சி ஊழியர்களால் தீவிரமாக மேற்கொள்ளப்பட்டு வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது."

இதுல நிஜமான வினை 'அகற்று', அது நடுவுல ஒளிஞ்சு கிடக்கு. அத இழுத்து கடைசில வச்சீங்கன்னா 'பணியானது', 'மேற்கொள்ளப்பட்டு' ரெண்டுக்கும் வேலையே இல்ல, 'ஊழியர்களால்' தானா 'ஊழியர்கள்' ஆயிடும், மழைநீர்னு சொன்னப்பவே மழை வந்துட்டதால 'கனமழையின் காரணமாக'வும் போயிடும். 'என்பது குறிப்பிடத்தக்கது'வ எங்க பார்த்தாலும் அடிச்சிடுங்க, குறிப்பிடணும்னு தோணினதாலதானே எழுதறோம்.

"வேளச்சேரியில் தேங்கிய மழைநீரை மாநகராட்சி ஊழியர்கள் அகற்றுகிறார்கள்."

15 வார்த்தை 6 ஆயிடுச்சு, யாரு என்ன செய்யறாங்கன்னும் பளிச்சுன்னு தெரியுது.

அடுத்தது 'நான்', 'நாங்கள்', 'அவர்கள்'. 'போனேன்'னாலே நான்தான், கடைசில வர்ற 'ஏன்'ங்கற விகுதியே சொல்லிடுது, அதனால வரிக்கு வரி 'நான்' வேணாம். 'பின்னர் அதனைத் தொடர்ந்து', 'மீண்டும் திரும்பவும்' மாதிரி ஜோடிகள்ல ஒண்ணு போதும்.

எங்க நிறுத்தணும்ங்கறதும் முக்கியம். நன்னூல்ங்கற இலக்கண நூல்ல பவணந்தி முனிவர் ஒரு நூலுக்குச் சொல்ற பத்து அழகுல முதலாவதா வைக்கறது 'சுருங்கச் சொல்லல்', ஆனா பத்துக் குற்றத்துல முதல் குற்றம் 'குன்றக் கூறல்', அதாவது தேவையானதையே விட்டுடறது. 'மிகைபடக் கூறல்', அதாவது தேவைக்கு மேல சொல்றது, அதுக்கு அடுத்துதான் வருது! அதனால வெட்டி முடிச்சதும் விஷயம் தெரியாத ஒருத்தர்கிட்ட படிக்கக் குடுங்க, "யாரு? எங்க?"ன்னு கேட்டாங்கன்னா அந்த வார்த்தையைத் திரும்ப வச்சிடுங்க.

முக்கியமா உம், ஏ, தான் இதுங்கள்ல கை வைக்கறதுக்கு முன்னாடி யோசிங்க. 'அவனும் வந்தான்'ல அந்த 'உம்'முக்குள்ள வேற யாரோ வந்த சேதி இருக்கு, அத எடுத்துட்டா அந்த இன்னொரு ஆளைச் சொல்ல தனியா ஒரு வாக்கியம் எழுத வேண்டி வரும்.