1911 வெள்ளி ரூபாய்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

பழைய காசு விற்பவரிடம் 1911ஆம் வருட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருந்தால், விலைக்கு முன்னால் கதை வந்துவிடும். அரசர் போட்டிருக்கும் மாலையில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை குட்டையாகப் போனதால் அது பன்றி மாதிரி தெரிந்தது, முஸ்லிம்களிடம் எதிர்ப்பு கிளம்பியது, அரசு வெளியீட்டை நிறுத்தி 1912இல் யானையைத் திருத்தி அச்சடித்தது. ‘பன்றி ரூபாய்’ என்ற பெயர் வந்தது அப்படித்தான். ராமர் படம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு போல இட்டுக்கட்டிய சமாசாரம் இல்லை, உண்மையாகவே நடந்தது. ஆனாலும் கதைக்கெல்லாம் காசு கொடுக்க முடியாது.

அச்சடித்தது சுமார் 94 லட்சம், புழக்கத்துக்கு வந்தது 7 லட்சம் அளவில், மிச்சம் உருக்கப்பட்டது என்பது கணக்கு. 1918இல் கல்கத்தா, பம்பாய் இரண்டு அச்சகத்திலும் சேர்த்து 40 கோடிக்கு மேல் அடித்தார்கள். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 1911 அரிதுதான். ஆனால் "இன்றைக்கு விட்டால் கிடைக்காது" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். ஏலங்களில் இந்தக் காசு அடிக்கடி வருகிறது. தேயாத காசு கிடைப்பதுதான் கஷ்டம்.

படி 1: யானை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் வருடத்தைப் பார்க்காமல் யானையைப் பாருங்கள். 1911இல் தும்பிக்கை குட்டை. 1912 முதல் நீளமாக, தெளிவாகத் தொங்கும். ஒரு சாதாரண 1912 ரூபாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். 1912, 1914, 1917 காசுகளின் கடைசி எண்ணைச் சுரண்டி 1 ஆக்கிவிடலாம், யானையை மாற்ற முடியாது. நீளத் தும்பிக்கையோடு 1911 என்று இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். யானையே தெரியாத அளவு தேய்ந்திருந்தால்? நான் வாங்கமாட்டேன். இந்தக் காசுக்குக் கூடுதல் விலை கொடுப்பதே அந்த யானைக்காகத்தான்.

படி 2: எடையும் தண்ணீரும்

அசல் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நாட்டு மருந்துக் குறிப்புகளில் வரும் ‘ரூபாய் எடை’ இதுதான். புழங்கித் தேய்ந்த காசு 11.4 வரை இறங்கியிருக்கலாம். அதற்கும் கீழே என்றால் சந்தேகப்படுங்கள்.

எடை சரியாக இருப்பதாலேயே வெள்ளி என்று ஆகிவிடாது. காந்தம் வைத்துப் பார்ப்பதும் போதாது, ஏனென்றால் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது. இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி முழுவதும் மூழ்கும்படி கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது, காசின் மேல் காற்றுக் குமிழும் ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். இது 91.7 சதவீத வெள்ளி, ஆகவே விடை 10.3 அளவில் வரவேண்டும். 11.66 கிராம் காசு என்றால் தண்ணீரில் தராசு 1.13 காட்டும். 1.3 காட்டினால் அது செம்பு, நிக்கல் மாதிரி ஏதோ ஒரு உலோகம். கடையில் செய்ய விடுவார்களா என்றால், தெரிந்த கடைக்காரர் விடுவார். மற்ற இடத்தில் எடையாவது போடச் சொல்லுங்கள்.

படி 3: விளிம்பு, முகம்

நம் பக்கத்தில் கிடைக்கும் ரூபாய்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பல காசுகள் ஒரு காலத்தில் கழுத்தில் தொங்கியவை. வளையம் பற்றவைத்த இடத்தை அப்புறம் அராவி மறைத்திருப்பார்கள். காசை விரலிடுக்கில் பிடித்து விளிம்பை மெதுவாகச் சுழற்றுங்கள். அரசரின் தலைக்கு நேர் மேலே வரிகள் மழுங்கியோ, நிறம் மாறியோ ஓரிடம் தெரிந்தால் அது ஒட்டுப் போட்ட காசு. விலை பாதிக்கும் கீழே போய்விடும். விளிம்பைச் சுற்றி ஒரே கோடாகத் தையல் மாதிரி ஓடினால், அது அச்சில் வார்த்த போலி.

முகத்தில், விபூதி போட்டுத் தேய்த்த பளபளப்பு பார்த்தவுடன் ஆசையைக் கிளப்பும். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் தெரியும். சேகரிப்பவர்கள் கறுத்த காசைத்தான் விரும்புவார்கள். வாங்கிய பிறகு நீங்களும் கழுவாதீர்கள்.

படி 4: விலை

முதலில் உள்ளே இருக்கும் வெள்ளியைக் கணக்கிடுங்கள்: 11.66 × 0.917, சுமார் 10.7 கிராம். அன்றைய வெள்ளி ரேட்டால் பெருக்கினால் கிடைப்பது அடிவிலை. அடுத்து, அதே தேய்மானமுள்ள 1912 அல்லது 1918 ரூபாய் கடையில் என்ன விலை என்று கேளுங்கள். 1911க்குச் சொல்லும் விலையில் இதற்கு மேல் உள்ளதெல்லாம் அந்த யானைக்குத்தான். அந்தக் கூடுதல் நியாயமா என்று பார்க்க, இணையத்தில் விற்பவர்கள் போட்டிருக்கும் விலை உதவாது. யார் வேண்டுமானாலும் லட்சம் என்று போடலாம். டோடிவாலா, மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலைகளை வெளியிடுகின்றன, அவற்றில் 1911ஐத் தேடுங்கள். ஏலத்தொகைக்கு மேல் கமிஷனும் வரியும் உண்டு என்பது நினைவிருக்கட்டும்.

காசைச் சோதித்துத் தரம் குறித்து, எண்ணிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் என்ஜிசி, பிசிஜிஎஸ். அந்தப் பெட்டியோடு தந்தால், அதிலுள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெட்டியிலும் போலி வருகிறது.

படி 5: ரசீது

நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சிங்கப்பூர் மாமாவுக்கு என்று வாங்குவதாக இருந்தால், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். இங்கேயே வைத்துக்கொள்ள வாங்குகிறீர்கள் என்றால், வருடம், எடை, "போலி என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளப்படும்" என்ற மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.