உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்றே அதன்மேல் தேதியைக் குறித்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ 50 நாளாவது வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமைத் தாண்டுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் என்று கடையில் வாங்குபவற்றில் வரும் உப்பு இந்தக் கணக்குக்கு மேல் தனி!

உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். நாளடைவில் இதயமும் சிறுநீரகமும் அடிவாங்கும். இந்துப்புக்கு மாறிப் பயனில்லை, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோற்றிலும் மோரிலும் போடும் உப்பை முதலில் நிறுத்துங்கள். குழம்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நாக்கு பழகச் சில வாரம் பிடிக்கும். பொட்டாசியம் கலந்த உப்பை மட்டும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.