ஒழுகும் கூரைக்கு அரசு உதவி கேட்பது எப்படி?

ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் மலிவுவிலை அடுக்குமாடியில், மழை என்றாலே மேல்மாடிக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கூரை பொதுச் சொத்து. அதை ஒரு குடும்பமே தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

பினாங்கு மாநில அரசிடம் ‘டிபிஎம்80பிபி’ என்ற பராமரிப்பு நிதி இருக்கிறது. கூரை, மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி போன்ற பொது வேலைகளுக்கு 80 விழுக்காடு வரை அரசு தரும். மீதி நம் பக்கம்.

தனி ஆளாக மனு போட முடியாது, நிர்வாகக் குழுதான் போட வேண்டும். அதனால் முதலில் குழுச் செயலாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். மழை பெய்யும்போதே படம் எடுங்கள். மின்விசிறிக் கொக்கியைச் சுற்றிப் பழுப்பு வளையம், அதன் நுனியில் தொங்கும் சொட்டு, இரண்டும் தெரிய வேண்டும். காய்ந்த கறையைக் காட்டினால் பழைய கறை என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் நம் பக்கத்து 20 விழுக்காடு. பெரும்பாலும் இங்கேதான் இழுபறி. அடுக்குமாடிகளுக்கான 2013 ஸ்திராத்தா நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் 10 விழுக்காட்டைக் கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமநிதிக்கும் கட்ட வேண்டும். பாக்கி வைத்த வீடுகள் அதிகம் என்றால் அந்த நிதி காலியாகத்தான் இருக்கும். கதவைத் தட்டிப் பொறுமையாகப் பேசுங்கள். தவணையில் கட்டச் சொல்லுங்கள்.

கம்பத்தில் (கிராமத்தில்) சொந்த வீடு, வருமானம் குறைவு என்றால் வழி வேறு. ஏழைக் குடும்பங்களுக்கான அரசுப் பதிவேடான இ-காசேயில் பதிவது பற்றி மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.